பார்ப்பது வேறு, படிப்பது வேறு

நம் இல்லங்களில் இன்று ஒரு புதிய ஆசிரியர் குடிபுகுந்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை; விடுமுறை இல்லை; கோபமும் இல்லை. ஒரே விஷயத்தைப் பத்து முறை கேட்டாலும் முகஞ் சுளியாது பத்து முறையும் சொல்லுவார். நள்ளிரவில் அழைத்தாலும் வந்து பாடம் நடத்துவார். கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு திரையே அவருடைய வகுப்பறை. ஐந்து நிமிடமும் பத்து நிமிடமும் ஓடுகின்ற குறுங்காணொளிப் பாடங்களையே நாம் இவ்வாறு குறிப்பிடுகிறோம்.

இப்புதிய ஆசிரியரைப் பற்றிப் பெற்றோரிடையே இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. "எந்நேரமும் போனும் கையுந்தான், பிள்ளையின் படிப்புக் கெட்டுவிட்டது" என்று வருந்துவோர் ஒரு சாரார். "எல்லாப் பாடமும் யூடியூப்பில் இருக்கிறது; இனி ரியூசன் எதற்கு?" என்று மகிழ்வோர் மற்றொரு சாரார். இரு சாராரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. காணொளி ஓடி முடிந்த பின்னர் பிள்ளை என்ன செய்கிறது? அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையிலேதான் இக்கருவியின் நன்மையும் தீமையும் தங்கியிருக்கின்றன என்பது நமது கருத்து.

பழைய கனவு

காட்சியினாற் கல்வியையே மாற்றிவிடலாம் என்னும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. சலனப்படக் கருவியின் வளர்ச்சியிற் பெரும்பங்கு கொண்ட தோமஸ் அல்வா எடிசன், பாடசாலைகளிற் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்று 1913ஆம் ஆண்டிலேயே கூறினார். பத்து ஆண்டுகளிற் பாடசாலை முறையே மாறிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அதன் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. புத்தகமும் இருக்கிறது, கரும்பலகையும் இருக்கிறது.

நமது அயல்நாடாகிய இந்தியாவில் 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஒரு பெரும் பரிசோதனை நடைபெற்றது. அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலை வேளையிற் பாடசாலைச் சிறுவர்களுக்கும் மாலை வேளையில் வளர்ந்தோருக்கும் அவை ஒளிபரப்பாயின. அந்நாளிற் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் இல்லத்திலும் இந்தியப் பொறியியலாளர்கள் ஒரு வாங்கியை அமைத்துக் கொடுத்தனர். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1979ஆம் ஆண்டில். இந்தியப் பரிசோதனைக்குக் குறித்த ஓராண்டு நிறைவெய்தியதும் செய்மதி வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டது. கருவி போயிற்று, கிராமத்துப் பள்ளியும் அதன் ஆசிரியரும் எஞ்சினர். இவ்வரலாற்றை நாம் மறத்தலாகாது.

இன்றைய குறுங்காணொளியின் கதை இன்னும் எளிமையானது. 2004ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நிதித்துறையிற் பணியாற்றிய சல்மான் கான் என்னும் இளைஞர், தூர நகரொன்றிலிருந்த தமது உறவினரின் மகளுக்குத் தொலைபேசி வழியாகக் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதே அச்சிறுமிக்கு இடர்ப்பாடாக இருந்தது. செய்தி பரவவே, வேறு உறவுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல நேரம் போதாமையால், 2006ஆம் ஆண்டில் தம் விளக்கங்களைப் பதிவுசெய்து யூடியூப்பில் ஏற்றினார். நேரிற் பார்ப்பதிலும் பார்க்கக் காணொளியிற் பார்ப்பதே நல்லது என்று அவ்வுறவுப் பிள்ளைகள் சொன்னதாக அவரே பின்னர் நகைச்சுவையுடன் கூறியிருக்கிறார். காரணம் எளிது. காணொளியை நிறுத்தலாம், திருப்பலாம், "இன்னும் விளங்கவில்லையா?" என்று கேட்க எதிரில் எவரும் இல்லை. வெட்கப்படும் பிள்ளைக்கு இது சிறிய உதவியா? 2009ஆம் ஆண்டில் அவர் தம் தொழிலை விட்டு இப்பணிக்கே தம்மை ஒப்படைத்தார். இன்று உலகெங்கும் அறியப்படும் 'கான் அக்கடமி' இவ்வாறு பிறந்ததே.

கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் கருவி

காணொளி எதற்கு ஏற்றது? நாம் கரும்பலகையிற் காட்ட முடியாதவற்றுக்கு ஏற்றது. அவரை விதை முளைவிட்டு இலை விரிக்கப் பல நாட்கள் செல்லும். அதனை ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டலாம். ஒரு நீர்த்துளி விழுந்து தெறிப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வது. அதனை மெதுவாக்கி ஆற அமரப் பார்க்கலாம். இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுதல், கலம் இரண்டாகப் பிரிதல், எரிமலை கக்குதல், துருவப் பனிக்கட்டி உடைதல் ஆகிய இவற்றையெல்லாம் வாயாற் சொல்லி மனத்திற் பதிப்பது எத்துணைக் கடினம் என்பதை விஞ்ஞானமும் புவியியலும் கற்பிப்போர் நன்கறிவர். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கு ஒரு காணொளி பாதி ஆய்வுகூடம். மற்றைப் பாதி கையாற் செய்து பார்ப்பதிலேயே உண்டு.

காணொளிப் பாடம் எவ்வளவு நேரம் இருத்தல் வேண்டும்? இதற்கும் ஆராய்ச்சி உண்டு. பிலிப் குவோ, ஜுஹோ கிம், ரொப் ரூபின் என்னும் மூவர் இணையவழிப் பாடநெறிகள் நான்கினை எடுத்து, காணொளி பார்க்கப்பட்ட 69 இலட்சம் சந்தர்ப்பங்களை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். காணொளி எத்துணை நீளமாயினும், மாணவர் அதில் ஊன்றியிருக்கும் நேரத்தின் இடைநிலைப் பெறுமானம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அவர்கள் கண்டது. வகுப்பறை விரிவுரையை அப்படியே படம்பிடித்துப் போடுவதிலும், சிறு சிறு பகுதிகளாகத் திட்டமிட்டுச் செய்வதே பயன் தரும் என்பதும் அவர்கள் முடிபு. ஆகவே, ஒரு காணொளிக்கு ஒரு கருத்து. அதற்கு ஆறு நிமிடம். இஃது ஒரு நல்ல அளவுகோல்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலறிஞர் றிச்சர்ட் மேயர் பல்லாண்டுகள் இத்துறையில் ஆய்வுகள் நிகழ்த்தியவர். பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும் வேடிக்கைப் படங்களும் சேருமிடத்துக் கற்றல் கூடுவதில்லை, குறைகிறது என்று அவர் காட்டியுள்ளார். பிள்ளை சிரித்துப் பார்க்கிறது என்பதற்காக ஒரு காணொளியை நல்ல பாடம் என்று கொள்ளலாகாது.

தெளிவு என்னும் மயக்கம்

இனி, நாம் சொல்லப் புகுந்த விஷயத்தின் நடுவிடத்துக்கு வருவோம். ஒரு கல்லை நேரே மேலே எறிகிறோம். அது மேலே சென்று, உச்சியில் ஒரு கணம் நின்று, கீழே விழுகிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடாது விட்டால், மேலே செல்லும்பொழுது கல்லின் மீது தாக்கும் விசை யாது? நமது வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "எறிந்த கையின் விசை மேல்நோக்கி இருக்கிறது, அது குறைந்து குறைந்து உச்சியில் இல்லாமற் போகிறது" என்பது பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடை தவறு. கையை விட்டகன்ற கணத்திலிருந்து கல்லின் மீது தாக்குவது பூமியின் ஈர்ப்பு ஒன்றே. ஏறும்பொழுதும், உச்சியிலும், இறங்கும்பொழுதும் அவ்விசை மாறுவதில்லை. உச்சியிற் கல்லின் வேகம் பூச்சியம். ஆனால் அதன் ஆர்முடுகல் பூச்சியமன்று. அது அப்பொழுதும் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 9.8 மீற்றர் வீதம் கீழ்நோக்கியே உள்ளது.

டெரெக் முல்லர் என்பவர் அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு இத்தகைய பாடங்களைப் பற்றியதே. பௌதிகம் பயிலும் முதலாண்டு மாணவர்களுட் சிலருக்கு, நியூற்றனின் விதிகளை மிகத் தெளிவாக விளக்கும் காணொளி காட்டப்பட்டது. வேறு சிலருக்கு, மாணவர் வழக்கமாகக் கொள்ளும் தவறான எண்ணங்களை முதலிற் சொல்லி, பின்னர் அவை ஏன் தவறு என்று காட்டும் காணொளி காட்டப்பட்டது. பார்ப்பதற்கு முன்னும் பின்னும் இரு சாராரும் சோதிக்கப்பட்டனர்.

முடிவு யாது? தெளிவான காணொளியைப் பார்த்தோர் அது எளிதாக இருந்தது, நன்றாக விளங்கியது என்றனர். ஆயினும் அவர்களுடைய புள்ளிகள் ஏறக்குறைய முன்னிருந்த நிலையிலேயே நின்றன. தவறான எண்ணங்களை எடுத்துப் பேசிய காணொளியைப் பார்த்தோர், மனத்தைச் சற்று வருத்திப் பார்க்க வேண்டியிருந்தது என்றனர். அவர்களுடைய புள்ளிகளோ நன்கு உயர்ந்தன. முதற் சாராருக்கு நேர்ந்தது இதுதான்: தாம் ஏற்கெனவே நம்பியிருந்ததையே காணொளியும் சொல்லிற்று என்று அவர்கள் எண்ணிக்கொண்டனர். காது கேட்டது ஒன்று. மனம் பதிந்துகொண்டது மற்றொன்று. இந்த முல்லரே பின்னர், 2011ஆம் ஆண்டில், 'வெரிட்டாசியம்' என்னும் விஞ்ஞானக் காணொளி வரிசையைத் தொடங்கினார்.

கைவேலையிலும் இம்மயக்கம் உண்டு. 2018ஆம் ஆண்டில் வெளியான, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்விலே, அம்பெறி விளையாட்டைக் காட்டும் காணொளியைச் சிலர் ஒரு தடவையும் வேறு சிலர் இருபது தடவையும் பார்த்தனர். இருபது தடவை பார்த்தோருக்கு நம்பிக்கை வளர்ந்தது. எறிந்தபொழுது குறி வளரவில்லை. நீச்சற் காணொளியைப் பார்த்து எவரும் கடலிற் குதிப்பதில்லை. ஆனால் கணிதக் காணொளியைப் பார்த்துவிட்டு எத்தனையோ பிள்ளைகள் பரீட்சை மண்டபத்திற் குதிக்கின்றனர்!

இங்கே இழக்கப்படுவது சிறிதன்று. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தி இல்லையேல், உயர்தர வகுப்பின் பாதையே இடர்ப்படும். காணொளியை ஓட விட்டால் அது தானாகவே விடையை நோக்கிச் சென்று சேரும். வினாத்தாள் அவ்வாறு ஓடாது. பிள்ளை பேனையை நகர்த்தினாலன்றி அது நகராது. "பார்த்த கணக்குத்தான், வரவில்லை" என்று அழுதுகொண்டு வெளிவரும் பிள்ளை சோம்பேறியன்று. விளங்கியது என்ற உணர்ச்சியைக் கல்வி என்று நம்பி ஏமாந்த பிள்ளை அது.

நிறுத்தும் விரல்

அப்படியாயின், காணொளியை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. காணொளியில் மிகச் சிறந்த உறுப்பு ஒன்று உண்டு. அதுவே நிறுத்தும் பொத்தான். ஆசிரியரை நடுவில் நிறுத்த மாணவன் அஞ்சுவான். காணொளியை நிறுத்த அச்சமில்லை. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. இணையவழி விரிவுரையொன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் சிறு சோதனை வைத்தனர். அவ்வாறு சோதிக்கப்பட்டோரின் மனம் அலைவது குறைந்தது. அவர்கள் எடுத்த குறிப்புகள் பெருகின. இறுதிச் சோதனையிலும் அவர்களே சிறந்து விளங்கினர்.

ஆகவே மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன நான்கே. முதலாவது, காணொளியைத் தொடுமுன் கொப்பியைத் திறந்து, விடை என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். ஊகம் தவறினாற் குற்றமில்லை. தவறிய ஊகமே பின்னர்ச் சரியானதைப் பற்றிக்கொள்ளும் கொழுக்கி. இரண்டாவது, கணக்கு எழுதப்பட்டதும் காணொளியை நிறுத்துங்கள், நீங்களே செய்யுங்கள், அதன் பின்னரே ஓட விடுங்கள். மூன்றாவது, முடிந்ததும் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததை ஐந்து வரியில் எழுதுங்கள். அல்லது தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக் காட்டுங்கள். நான்காவது, மறுநாட் காலையில் அதே வகைக் கணக்கு ஒன்றை எவர் துணையுமின்றிச் செய்யுங்கள். ஆறு நிமிடக் காணொளிக்கு அரைமணி நேர வேலை! ஆம், அந்த அரைமணி நேரமே படிப்பு.

பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. "எமக்கு விஞ்ஞானம் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டியதில்லை. அடுப்படியில் நிற்கும் தாய், "இப்போது பார்த்ததை எனக்குச் சொல்லித் தா, பார்ப்போம்" என்று கேட்டாற் போதும். பிள்ளை தடுமாறும் இடம் எதுவோ, அங்கேதான் பாடம் இன்னும் ஏறவில்லை. அவ்விடத்தைக் காணத் தாய்க்குப் பௌதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காது இருந்தாற் போதும்.

நமது சொல், நமது பாடம்

தமிழ் மாணவருக்குத் தனியாக ஓர் இடர்ப்பாடும் உண்டு. தமிழிலே விஞ்ஞானக் காணொளி தேடுமிடத்துத் தமிழ்நாட்டிலிருந்து வருவனவே மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றுட் பல சிறந்தவை. அவற்றைச் செய்தோருக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் கலைச்சொற்கள் இரு கரையிலும் ஒன்றல்ல. இங்கே 'ஆர்முடுகல்' என்பதை அங்கே 'முடுக்கம்' என்பர். இங்கே 'ஒட்சிசன்', அங்கே 'ஆக்சிஜன்'. இவை வேறு சொற்களாதலால் விரைவிற் பழகிவிடும். ஒரே சொல் இரண்டு பொருள் தரும் இடத்திலேதான் ஆபத்து.

நம் பாடநூல்களில் 'திணிவு' என்பது பொருளின் அளவு. 'நிறை' என்பது பூமி அப்பொருளை இழுக்கும் விசை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ நாம் திணிவு என்பதே 'நிறை'. நாம் நிறை என்பதே 'எடை'. அவ்வாறே 'வேகம்' என்பது நமக்குத் திசையோடு கூடியது. திசை கருதாதது 'கதி'. அங்கே திசை கருதாதது 'வேகம்'. திசையோடு கூடியது 'திசைவேகம்'. "இப்பொருளின் நிறை 5 கிலோகிராம்" என்று ஒரு காணொளி சொன்னால், அந்நாட்டு வழக்கில் அது முற்றிலும் சரி. அதனைக் கேட்டு எழுதும் நமது மாணவன், நிறை ஏறத்தாழ 49 நியூற்றன் என்று எழுதவேண்டிய இடத்தில் 5 கிலோகிராம் என்று எழுதிப் புள்ளியை இழப்பான். காணொளியிலும் பிழையில்லை, பாடநூலிலும் பிழையில்லை. இடையே நின்ற பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆதலால் பிற நாட்டுக் காணொளி பார்க்குமுன், பாடநூலை அருகே விரித்துவைத்து, சொற்களை ஒப்பிட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுதல் நன்று.

அதனினும் நன்று, நமது ஆசிரியர்களே நமது பாடத்திட்டத்துக்கு ஏற்பக் காணொளி செய்தல். அதற்குப் படப்பிடிப்புக்கூடம் வேண்டியதில்லை. சல்மான் கானின் பாடங்களில் அவருடைய முகமே தெரிவதில்லை; கறுப்புத் திரையில் வண்ண எழுத்தும் ஒரு குரலுமே உண்டு. மேசைமேல் ஒரு தாள், அதற்கு மேலே, இரண்டு புத்தக அடுக்குகளின் மீது வைத்த பலகையில், கீழ்நோக்கிய ஒரு கைத்தொலைபேசி, எழுதும் கை, நட்போடு பேசும் குரல். இவையே போதும். ஆனால் முல்லரின் ஆய்வு கற்பிக்கும் பாடத்தை மறவாதிருப்போமாக. விடையோடு தொடங்காமல், பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறோடு தொடங்க வேண்டும். எந்தத் தவறு எங்கே வரும் என்பது, ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் உள்ளூர் ஆசிரியருக்குத் தெரிந்ததுபோல் வேறெவருக்குத் தெரியும்?

வசதி இல்லாத வீடு

2020 மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு இடம்பெயர்ந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி என்றிருந்த வீடுகளும், ஒரு கருவியும் இல்லாத வீடுகளும் அப்பொழுது பட்ட பாடு நாடறிந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபொழுது, கருவி இருந்த வீடுகளும் இருளில் மூழ்கின. காணொளியை மட்டும் நம்பிக் கல்வியைக் கட்டினால், மின்னும் டேட்டாவும் இல்லாத பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். பாடசாலையில் ஒரு தடவை பதிவிறக்கிப் பலருக்குக் காட்டுதல், பென்டிரைவில் இட்டு நூலகத்தில் வைத்தல், தரத்தைக் குறைத்துப் பார்த்து டேட்டாவைச் சேமித்தல் முதலிய சிறு வழிகள் பெருந்துணையாகும்.

ஆசிரியரின் இடம் என்னாகும் என்று அஞ்சுவோரும் உளர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பாடசாலையொன்றில் இரசாயனம் கற்பித்த ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இருவரும், வகுப்புக்கு வர இயலாத மாணவர்களுக்காக 2007ஆம் ஆண்டிற் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினர். பின்னர் எல்லா மாணவரும் விளக்கத்தை வீட்டிற் பார்த்து வந்தனர். முன்பு வீட்டு வேலையாக இருந்த பயிற்சி வகுப்பறைக்கு வந்தது. ஆசிரியர் கரும்பலகையை விட்டு மாணவனின் மேசைக்குச் சென்றார். காணொளி ஆசிரியரை நீக்கவில்லை. அவரைப் பிள்ளைக்கு அருகிற் கொண்டுவந்தது. ஒரு பிள்ளையின் புருவம் சுருங்குவதைக் கண்டு, "எங்கே தட்டுகிறது, சொல்" என்று கேட்க எந்தக் காணொளியாலும் இயலாது.

குறுங்காணொளி ஒரு நல்ல விளக்கு. விளக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக எவரும் ஏற்றுவதில்லை. அதன் ஒளியில் வேலை செய்வதற்காகவே ஏற்றுகிறோம். இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தைப் பார்த்து முடித்துக் கைத்தொலைபேசியைக் கீழே வைத்ததும், "விளங்கியதா?" என்று கேளாதீர்கள். அதற்கு எந்தப் பிள்ளையும் "விளங்கிற்று" என்றே சொல்லும். கொப்பியையும் பென்சிலையும் முன்னே வைத்து, "செய்து காட்டு" என்று கேளுங்கள்.